மகி வெட்ட வேண்டிய நாற்று

நாற்றுத் தட்டைப் பார்த்ததும் எனக்கு என் புருஷன் கதிரேசன் மேல் கோபம்தான் முதலில் வந்தது. வழுக்கைத் தலையில் மிஞ்சிய முடி மாதிரி இங்கே நாலு, அங்கே ரெண்டு என்று வெங்காய நாற்று நின்றுகொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில் வெங்காயத்தாள் ஜாதியான லீக்ஸ், அது இன்னும் மோசம். குளிர்காலம் முழுக்க விழித்திருந்த மனிதர். ஜனவரியில் விதையைத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, விளக்கைத் தட்டுக்கு நெருக்கமாக இறக்கிவிட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்த வேலையே அவ்வளவுதான். அதையும் கோட்டை விட்டுவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது.

"விதையைத் தூவினீங்களா, இல்ல ஒண்ணு ஒண்ணா எண்ணி வெச்சீங்களா?"

"பாக்கெட்ல இருந்ததை எல்லாம் கொட்டிட்டேன் சாரு."

"எல்லாத்தையும் கொட்டினா காடு மாதிரி வரணும். தண்ணி ஊத்த மறந்திருப்பீங்க."

"இருக்கலாம்," என்றார் கதிரேசன்.

சண்டைக்கு வராமல் ஒப்புக்கொண்டது ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி வழக்கமே இல்லை. அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த மனிதர், செடி கொடி என்றால் சுத்த சூனியம். இருந்தாலும் என் தொழிலிலேயே எனக்கு யோசனை சொல்வார். நான் ஒட்டன்சத்திரம் பக்கம் வெங்காயக் காட்டில் வளர்ந்து, வேளாண்மை படித்து, இந்த ஊர் நாற்றுப் பண்ணைக்கு வேலைக்கு வந்தவள். வந்த முதல் வருஷம் ஊரிலிருந்து நாட்டு வெங்காய விதையைக் கொண்டுவந்து விதைத்தேன். இங்கே கோடையில் சூரியன் மறையவே மறையாது. நம்ம ஊர் வெங்காயம் அந்தப் பகலைப் பார்த்து, முற்றிவிடும் காலம் வந்துவிட்டது என்று நினைத்து, பட்டாணி அளவில் காய்த்து நின்றுவிட்டது. கதிரேசன் அதை ஒரு டப்பாவில் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்தார். அதற்கப்புறம் இந்த ஊர் விதைதான்.

ஹெல்விக் என்ற இந்த ஊர் ஐரோப்பாவின் வடகோடியில், கடலை ஒட்டி இருக்கிறது. குளிர்காலத்தில் ரெண்டு மாதம் சூரியனே வராது. எரிபொருள் தட்டுப்பாடு முற்றிப்போய், ஊரில் பாதி வீடுகளுக்குச் சூடு கொடுக்க முடியாத நிலை வந்தபோதுதான் பனித்துயிலைக் கொண்டுவந்தார்கள். நவம்பரில் ஊரே துயில்கூடத்துக்குப் போய் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். உடம்பைக் குளிர வைத்து, மூச்சையும் நாடியையும் அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மார்ச்சில் எழுப்புவார்கள். நடுவில் இருந்த குளிர்காலம் யாருக்கும் தெரியாது. வயசும் ஏறாது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் பேர் மட்டும் விழித்திருப்பார்கள். அவர்களுக்கு விழிப்புக்காரர்கள் என்று பெயர். அநேகமாக எல்லாரும் எங்களைப் போல் பிழைக்க வந்தவர்கள். கதிரேசனுக்குக் கூடத்தின் வெப்பக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர் இருக்கும் வீட்டுக்குச் சூடு உண்டு, ஆனால் குடும்பம் கூட இருக்க அனுமதி இல்லை. நானும் எங்கள் மகள் மகிழினியும் ஊரோடு ஊராகப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெங்காயத்தை இங்கே நேராக மண்ணில் விதைக்க முடியாது. விதை முளைத்துக் காய்க்க ஆறு மாதம் வேண்டும், இந்த ஊர்க் கோடைக்கோ ஆயுசு அதில் பாதிதான். அதனால் நடுக்குளிரில் வீட்டுக்குள் விளக்கு வைத்து நாற்று வளர்த்து, பனி உருகியதும் வெளியே கொண்டுபோய் நடுவார்கள். ஊர் தூங்கும்போது விழிப்புக்காரர்கள்தான் எல்லாருக்கும் நாற்று போட்டு வைப்பார்கள். எழுந்து வீட்டுக்கு வருகிறவர்களை ஜன்னலோரம் பச்சையாக ஒரு தட்டு வரவேற்க வேண்டும் என்பது இந்த ஊரில் மரியாதை.

எங்கள் வீட்டில் அந்தத் தட்டு மகியுடையது. விதை பாக்கெட்டைக் கடையில் எடுத்தவளே அவள்தான், வெங்காயம் ஒன்று, லீக்ஸ் ஒன்று. கறுப்பு விதையைக் கையில் கொட்டிப் பார்த்து "எறும்புக்குத் தலை மட்டும் இருக்கு" என்றாள். நாற்று விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்தால் தலை சாய்ந்துவிடும். கத்தரிக்கோலால் நுனியை வெட்டிவிட்டால் அடி தடிக்கும். மகிக்கு அது முடிவெட்டும் விளையாட்டு. நாற்றின் கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டையைப் போர்த்தி, "ஷார்ட்டா வெட்டவா சார்?" என்று கேட்டுக் கேட்டு வெட்டுவாள். அவளுக்கு ஆறு வயசு.

"இதுக்கு முடிவெட்டணும்," என்றேன். "நுனி மடங்குது பாருங்க. மகி வரட்டும்."

கதிரேசன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய பின்னந்தலை முழுக்க வெளுத்திருந்தது.

"என்னங்க இது, நாலு மாசத்துல கிழவனாயிட்டீங்க?"

"ராத்திரி பகல் தெரியாம கிடந்தா அப்படித்தான்," என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

துயிலிலிருந்து எழுந்தவர்கள் ரெண்டு வாரம் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. உடம்புக்குச் சளி, காய்ச்சலைத் தாங்கும் சக்தி திரும்ப வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் தர்சிகா வந்து பார்ப்பாள். துயில்கூடத்தில் நர்ஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தாத்தா காலத்திலேயே இந்த நாட்டுக்கு வந்த குடும்பம். தமிழைக் கீழே போடாமல் வைத்திருந்தாள்.

"விரலை மடக்குங்கோ அக்கா. ஓம், நல்லா இருக்கு. சாப்பாடு இறங்குதோ?"

"அதெல்லாம் இறங்குது. ஆனா படுக்கறதுக்கு முன்னாடி நடந்தது ஒண்ணுமே ஞாபகத்துல இல்ல தர்சிகா. பை கட்டினது, கூடத்துக்கு வந்தது எதுவும் இல்ல."

"அது எல்லாருக்கும் அப்பிடித்தான். கடைசி ஒரு மாசம் மூளையில பதியாது. பதியிறதுக்கு முதலே குளிர் வந்து அழிச்சுப் போடும். அது திரும்பி வராது அக்கா, தேடாதேங்கோ."

"மகியை எப்ப எழுப்புவீங்க?"

"பிள்ளையளை ஆறுதலா, மெதுவாத்தான் எழுப்புறது. பெரியாக்கள் எழும்பி ரெண்டு கிழமைக்குப் பிறகு." என் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கதிரேசனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தன் பையை மூடினாள்.

அந்த ரெண்டு வாரத்தையும் எப்படியோ ஓட்ட வேண்டும். என் போனுக்கு உயிர் வரவில்லை. குளிரில் பேட்டரி போய்விட்டது, மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்றார். அம்மாவிடம் பேச வேண்டும் என்றேன். மகி எழுந்ததும் எல்லாருமாகப் பேசலாம் என்றார். ஊரிலிருந்து வரும் தினசரிக் காலண்டர் சுவரில் இல்லை, பார்சல் தவறிவிட்டதாம். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக இருந்தது. நான் எதையும் சந்தேகப்படவில்லை. கட்டின புருஷன் பேட்டரி போச்சு என்று சொன்னால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பின்பக்கக் கண்ணாடி வராந்தாவுக்குப் போகும் கதவு திறக்கவில்லை. கேட்டதற்குப் பூட்டு உறைந்துவிட்டது என்றார். அங்கே சூடு கிடையாது என்பதால் அதையும் நம்பினேன்.

ஒருநாள் அவர் வேலைக்குப் போயிருந்தபோது நாற்றுக்கு மண் அணைக்க வேண்டியிருந்தது. மண் மூட்டை வராந்தாவில்தான் எப்போதும் இருக்கும். பூட்டு உறைந்தால் என்ன, வெந்நீர் ஊற்றினால் திறந்துகொள்ளும். ஒரு கெட்டில் வெந்நீரோடு போனேன். ஊற்றிப் பார்த்தால் பூட்டில் பனியே இல்லை. சாவி அதே ஆணியில்தான் தொங்கியது, மேலே அவருடைய தொப்பியை மாட்டியிருந்தார்.

திறந்தேன். மார்ச் வெயில் கண்ணாடி வழியாக நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மூலையில் ஒரு பெரிய மரத்தொட்டி இருந்தது. அதில் லீக்ஸ்.

லீக்ஸ் என்றால் வெங்காயத்தாளுக்கு அண்ணன் மாதிரி, காய் வைக்காது, தண்டுதான் பெருக்கும். ஆனால் நான் பார்த்தது நாற்று இல்லை. ஒவ்வொரு தண்டும் என் மணிக்கட்டு கனம் இருந்தது. நடுவிலிருந்து ஒரு காம்பு கிளம்பி என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதன் நுனியில் காகிதம் போன்ற உறைக்குள், கூம்பாக, மொட்டு.

என் கையிலிருந்த கெட்டில் நழுவித் தரையில் விழுந்தது. வெந்நீர் செருப்பை நனைத்தது கூட எனக்கு உறைக்கவில்லை.

வெங்காயக் குடும்பத்தில் எதுவும் முதல் வருஷம் பூக்காது. விதையிலிருந்து வந்த செடி ஒரு கோடை வளர வேண்டும், பிறகு ஒரு முழுக் குளிர்காலத்தை மண்ணில் இருந்து தாங்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் வசந்தத்தில்தான் மொட்டு வரும். இந்தச் செடியை யாரோ போன வருஷமே நட்டிருக்கிறார்கள். போன வருஷம் இந்தத் தொட்டி காலியாகக் கிடந்தது. மகிக்குக் காய்ச்சல் வந்து, நாற்றைக் கவனிக்க முடியாமல், அத்தனையும் அழுகிப்போய் நான்தான் குப்பையில் கொட்டினேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

உடனே அந்த நாற்றுத் தட்டு நினைவுக்கு வந்தது. தண்ணீர் இல்லாமல் போன நாற்றாக இருந்தால் முளைத்து வாடியிருக்கும். இது முளைக்கவே இல்லை. வெங்காய விதைக்கு ஆயுசு குறைவு. வாங்கின வருஷம் முழுக்க முளைக்கும், அடுத்த வருஷம் பாதிதான், அதற்கப்புறம் தேறுவது கையளவு. நானே பண்ணையில் ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொன்னது. என் வீட்டு ஜன்னலில் இருந்தபோது தெரியவில்லை.

கதிரேசன் வந்தபோது நான் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். வராந்தா வாசலில் அப்படியே நின்றுவிட்டார். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இதை எப்ப நட்டது?" என்றேன்.

"போன மார்ச்ல."

"போன மார்ச்ல மகிக்குக் காய்ச்சல். லீக்ஸே வைக்கல நான்."

"அது போன மார்ச் இல்ல சாரு." படியில் மெதுவாக உட்கார்ந்தார். "அது மூணு வருஷத்துக்கு முன்னாடி."

மூன்று வருஷம் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது, ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நேற்று படுத்து இன்று எழுந்த மாதிரித்தான் எனக்கு இருந்தது.

"மகி?"

"கூடத்துலதான் இருக்கா. எழல. முதல் வருஷம் எல்லாரும் எழுந்தாங்க. நீயும் எழுந்த. அவ எழல."

"செத்துட்டாளா?"

"இல்ல. இல்ல சாரு. தூங்கறா. ஏன் எழலன்னு அவங்களுக்கே தெரியல. திரும்ப ஒரு குளிர்காலம் தூங்க வெச்சு அடுத்த வசந்தத்துல எழுப்பிப் பாக்கலாம்னாங்க. போன வருஷமும் பாத்தாங்க. இப்ப அடுத்த வாரம் பாப்பாங்க."

நான் எழுந்து நின்றேன். பேச வாயைத் திறந்தேன்.

"என்னை ஏன் எழுப்பாம வெச்சீங்கன்னு கேப்ப," என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமலே. "என் வருஷங்களை எடுத்துக்க நீங்க யாருன்னு கேப்ப. அப்புறம் அடிப்ப. போன தடவை இந்தக் கன்னத்துல."

கேலியாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரலில், பஸ் நிற்கும் இடங்களைச் சொல்வது போலச் சொன்னார். நான் கேட்க இருந்தது அதே வார்த்தைகள்தான். ஓங்க இருந்ததும் அதே கைதான்.

"இது மூணாவது தடவை சாரு. முதல் தடவை கூடத்துல வெச்சே உனக்குத் தெரிஞ்சுது. போன தடவை என் போனைப் பாத்துட்ட. ரெண்டு தடவையும் திரும்பப் போய்ப் படுத்துக்கறேன்னது நீதான். அவ பக்கத்துலயே படுக்கறேன், அவ எழுந்தா என்னை எழுப்புங்கன்னு சொன்ன. கூடத்துல பெரியவங்களை ஒரு வருஷத்துக்கு மேல வெக்க மாட்டாங்க. வசந்தத்துல கொஞ்ச நாள் எழுப்பியே ஆகணும். அந்த நாள் உன் ஞாபகத்துல நிக்கறதில்ல. எழுப்பினதும் சொல்லாதீங்க, மகி எழுந்துட்டா சொல்லவே வேண்டாம்னு நீதான் கேட்டுக்கிட்ட."

"பொய்," என்றேன். "நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என் பிள்ளையை விட்டுட்டு நான் தூங்கப் போவேனா? நீங்க உங்க வசதிக்கு என்னைப் படுக்க வெச்சிட்டீங்க. இந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுன்னு படுக்க வெச்சிட்டீங்க."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தொட்டியைப் பார்த்தேன்.

பார்த்தது பார்த்தபடி நின்றுவிட்டேன்.

காம்பு சாயாமல் இருக்கச் சுற்றிலும் குச்சி நட்டுச் சணல் கட்டியிருந்தது. ரெண்டு சுற்று சுற்றி, நுனியை அடியில் விட்டு, தன் மேலேயே மடக்கி இழுத்த முடிச்சு. சந்தைக்கு வெங்காயத்தாள் கட்டும்போது எங்கள் வீட்டில் போடுவது. வேகமாகப் போடலாம், ஒரே இழுப்பில் அவிழ்க்கலாம். கதிரேசனுக்கு ஷூவுக்குப் போடும் முடிச்சைத் தவிர வேறு தெரியாது. மண்டியிட்டு மண்ணை விரலால் தள்ளினேன். ஒவ்வொரு செடியும் ஒரு சாண் ஆழத்தில் இறங்கியிருந்தது. லீக்ஸை நடுகிறவர்கள் குச்சியால் ஆழமாகக் குழி போட்டு, நாற்றை உள்ளே நழுவவிட்டு, மண் தள்ளாமல் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுவார்கள். மழையும் நாளும் சேர்ந்து குழியை மூடிக்கொள்ளும். அப்போதுதான் தண்டு வெள்ளையாக நீளும். செடி தெரியாதவர்கள் இப்படிச் செய்யவே மாட்டார்கள், நாற்று புதைந்துபோகுமே என்று பயப்படுவார்கள். வரிசைக்கு வரிசை என் கை அகலம் இடைவெளி இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

இதையெல்லாம் நட்டது நான். போன வசந்தத்தில் இதே இடத்தில் மண்டியிட்டு நான்தான் நட்டிருக்கிறேன். அந்த நாளில் ஒரு நிமிஷம்கூட எனக்குள் இல்லை.

"நட்டு முடிச்சதும், மகி வந்து பிடுங்கட்டும், நீங்க யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொன்ன," என்றார் கதிரேசன். "பிடுங்கிப் போட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கு மனசு வரல. அதான் கதவைப் பூட்டினேன்."

முடிச்சைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தனக்குச் சாட்சியாக ஒன்று அங்கே நிற்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அடிக்க ஓங்க இருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் அந்தத் தரையிலேயே இருந்தேன்.

அடுத்த வாரம் கூடத்துக்குப் போனோம். வழியெல்லாம் ஊர் விழித்திருந்தது. யாரோ வாசலில் பனியை வாரிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். எங்கள் பின்னால் அவர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் புதுச் செய்தியாக இருந்திருக்கிறது.

மகி அப்படியேதான் இருந்தாள். ஆறு வயசு முகம். நெற்றியில் கட்டிலில் இடித்துக்கொண்ட சின்ன வடு, நான் பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டது. நேற்றுப் பட்டது போல அது இன்னும் சிவப்பாகவே இருந்தது. உடம்பில் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். கன்னத்தில் ரத்தம் வந்தது. உதடு சிவந்தது. நான் ஒரு கையையும் கதிரேசன் ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம். "மகி, நாற்று வளர்ந்து தலை சாஞ்சு கிடக்குடி. முடிவெட்ட ஆள் இல்லை. எழுந்திரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கை கதகதப்பாக இருந்தது. எந்த நேரத்திலும் விரல் மடங்கும் என்று நினைத்தேன். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று. விரல் மடங்கவில்லை.

தர்சிகா என் தோளைத் தொட்டாள்.

"இந்த முறையும் இல்லை அக்கா."

"திரும்பக் குளிர வைக்கப் போறீங்களா?"

"வைக்கத்தான் வேணும். மூளையில ஒரு அசைவு இருக்குது, கனவு காணுற ஆக்களுக்கு இருக்கிற மாதிரி. அதுதான் எங்களுக்கும் நம்பிக்கை. அதாலதான் விடாமல் வைச்சிருக்கிறம்."

"எத்தனை வருஷம் இப்படி வைக்கலாம்?"

"எங்களுக்குத் தெரியேல்லை அக்கா. இவளுக்கு முதல் ஆரும் இவ்வளவு காலம் படுத்ததில்லை." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கதிரேசன் பக்கம் திரும்பி, வேலை நினைவுக்கு வந்தவள் போல, "அண்ணை, அக்காவுக்குப் போன வருஷக் கட்டில்தானே? ஆயத்தப்படுத்தச் சொல்லவோ?" என்றாள்.

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கிவிட்டது. மகி எழவில்லை என்பதை நான் எப்படியோ தாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். எனக்கென்று ஒரு கட்டில் இருக்கிறது, நான் போய் அதில் படுப்பேன் என்று இந்தப் பிள்ளை வரைக்கும் பழகிவிட்டது. மகியின் கட்டிலை ஒட்டி அது காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் என் உடம்பு முழுக்க அதில் போய் விழத் துடித்தது. உண்மையைச் சொன்னால் அவ்வளவு ஆசையாக இருந்தது. படுத்தால் இந்த நாள் என்னை விட்டுப் போய்விடும். மகி எழாமல் போன இந்தச் சாயங்காலம் எனக்கு நடக்காததாகிவிடும். போன ரெண்டு தடவையும் நான் ஏன் படுத்தேன் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

"ஒரு தரம் வீட்டுக்குப் போயிட்டு வரேன்," என்றேன்.

வீட்டு வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், என் நீலப் பை கட்டித் தயாராக இருந்தது. காலையில் கிளம்பும்போது நான் கவனிக்கவில்லை. திறந்து பார்த்தேன். கம்பளிக் காலுறை, கழுத்துச் சால்வை, மகியின் பழைய கைக்குட்டை ஒன்று. எல்லாம் அழகாக மடித்து வைத்திருந்தது.

"எப்ப கட்டினீங்க?"

"நேத்து. ரெண்டு தடவையும் நீ அன்னைக்கே போயிட்ட. அவசரத்துல கைக்குட்டையைத் தேடி அழுவ. அதான் முன்னாடியே எடுத்து வெச்சேன்."

அவரை நிமிர்ந்து பார்த்தேன். நான் தூங்கின கோடையெல்லாம் இந்த மனிதர் வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். காலையில் கூடத்துக்குப் போய் ஒரே வரிசையில் மனைவியையும் மகளையும் பார்த்துவிட்டு வந்து, ஒருத்தருக்காகச் சமைத்து, ஒருத்தராகச் சாப்பிட்டு, ஜனவரியில் பழைய விதையை எடுத்து விதைத்திருக்கிறார். மார்ச்சில் என்னை எழுப்பி, என்னிடம் அடி வாங்கி, திரும்ப என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறார்.

"புது விதை வாங்கியிருக்கலாமே," என்றேன். எதையாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

"அது அவ எடுத்த பாக்கெட் சாரு. முதல் வருஷம் நீ சொன்ன மாதிரி காடு மாதிரி வந்துச்சு. போன வருஷம் பாதி. இந்த வருஷம் இவ்வளவுதான்." ஜன்னலோரத் தட்டைக் காட்டினார். "இதோட பாக்கெட் காலி."

பையிலிருந்த காலுறையையும் சால்வையையும் வெளியே எடுத்து வைத்தேன். கைக்குட்டையை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். காலியான பையை அவர் கையில் கொடுத்தேன்.

"நவம்பர்ல இதைத் திரும்ப நான் கட்டறேன். உங்களுக்கு."

அவருக்குப் புரியவில்லை.

"இந்தக் குளிர்காலம் அவ பக்கத்துல நீங்க படுங்க. நான் முழிச்சிருக்கேன். குழாயைப் பாத்துக்க எனக்குக் கத்துக் குடுங்க."

"உன்னால முடியாது சாரு. கோடை பரவாயில்ல. அந்த இருட்டு இருக்கே…" நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "மார்ச்ல நீ என்ன செய்வ? தனியாப் போய் நின்னு அவ எழறாளான்னு பாக்கணும்."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"எனக்கு வேற வழி இல்ல."

"எனக்கும் இனிமே இல்ல," என்றேன். "அந்த லீக்ஸ் மொட்டை வெட்டிடாதீங்க. பூத்து விதை வரட்டும். ஆடிக்கு மேல தட்டி எடுத்து வெச்சா புது விதை. தட்டு நிறைய முளைக்கும். மகி பிடுங்கறதுக்கு அதுலேர்ந்து புதுச் செடி வைக்கலாம்."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஒருவேளை பார்த்திருப்பேன், எனக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்கும்.

ஜன்னலோரம் போனேன். நாற்றெல்லாம் நீண்டு, மடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தது. இன்னும் ரெண்டு நாள் விட்டால் அடியில் அழுகிவிடும். மகியின் கத்தரிக்கோல் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது, குழந்தைகளுக்கான மழுங்கின நுனி, சிவப்புப் பிடி. என் விரலுக்கு அது நுழையாமல் இறுக்கமாக இருந்தது. இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து நாற்றின் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினேன். அவள் கேட்கும் கேள்வியைக் கேட்க முயன்றேன், வாய் வரவில்லை. பேசாமல் வெட்டத் தொடங்கினேன். வீடு முழுக்கப் பச்சை வெங்காய வாசனை வந்தது.

பின்னால் கதிரேசன் எழுந்து வந்து நிற்பது தெரிந்தது.

"போன ரெண்டு தடவையும் வெங்காய நாற்றை நீ வெட்டவே இல்ல சாரு," என்றார். "மகிதான் வெட்டணும்னு சொல்லி அப்படியே அழுக விட்டுட்ட."

"தெரியும்," என்றேன். தெரியாது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். கத்தரிக்கோலைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். "மிச்சத்தை நீங்க வெட்டுங்க. நான் பாக்கறேன். இந்தத் தடவை எனக்கு ஞாபகம் இருக்கணும்."